என் கடிகாரத்தில் அவர் துடிப்பு

கொசுவால் வருகிற டிங்கிக் காய்ச்சல் வந்தது எனக்கு. அதற்காக மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். டிங்கி வந்து எழுந்து நடமாடுகிறவர்கள் பினாங்கில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு கதையும் வைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. காய்ச்சலோடு நான் கட்டிலில் கிடந்த அந்த வாரத்தில், கல்லு மாதிரி நடமாடிக்கொண்டிருந்த என் கணவரின் உயிர்தான் ஊசலாடிக்கொண்டிருந்தது. அதை முதலில் சொன்னது என் கைக்கடிகாரம். அதுவும் நேராகச் சொல்லவில்லை. எங்கள் இருவரையும் நன்றாக முட்டாளாக்கிவிட்டுத்தான் சொன்னது.

நான் ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். கணக்கு இடித்தால் எனக்குச் சோறு இறங்காது. என் கணவர் குணசேகரன் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். தினமும் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய் வருவார். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. பிள்ளைகள் இல்லை. அவருக்கு நான், எனக்கு அவர், இருவருக்கும் சேர்த்துத் தாசேக் கெலுகோரில் அவருடைய தங்கை வாசுகி.

இந்த வாசுகிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். தீபாவளிக்குள் யார் அதிகம் எடை குறைக்கிறார்கள் என்று குடும்பத்துப் பெண்களுக்குள் ஒரு போட்டி வைத்தாள். தோற்றவர்கள் சேர்ந்து ஜெயித்தவருக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தர வேண்டும். நான் உடனே கடிகாரம் வாங்கினேன். அது என் நடையையும் நாடித்துடிப்பையும் எண்ணி, கைபேசியில் உள்ள உடற்பயிற்சிச் செயலிக்குக் கொடுக்கும். அந்தச் செயலி, இன்று இவள் இவ்வளவு உழைத்திருக்கிறாள் என்று கலோரிச் செயலிக்குச் சொல்லும். கலோரிச் செயலி அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நீ இன்னும் இவ்வளவு சாப்பிடலாம் என்று எனக்கு அனுமதி கொடுக்கும். எல்லாம் சரியாக இணைந்தால்தான் இது நடக்கும். ஆரம்பத்தில் இணையவில்லை. கடிகாரமும் கைபேசியும் ஒரே நடையைத் தனித்தனியாக எண்ணி இரண்டு நடையாக எழுதிவிட்டன. கலோரிச் செயலி தாராளமாக நாசி கண்டார் கறிச்சோற்றுக்கு அனுமதி கொடுத்தது. நானும் நம்பிச் சாப்பிட்டேன். எடை ஏறியது. மாமியார், மருமகள், நாத்தனார் மூவரையும் ஒரே சமையலறையில் ஒற்றுமையாக வைப்பதைவிட அந்த மூன்றையும் ஒத்துப்போக வைப்பது கஷ்டமாக இருந்தது. ஆனால் விடவில்லை. சரிசெய்தேன். அதன் பிறகு ஒரு நாள்கூட இலக்கு தவறாமல் நடந்து, செயலி எங்கள் குடும்பக் குழுவுக்குக் காட்டுகிற அந்த நாள் சங்கிலி அறுபடாமல் காப்பாற்றி வந்தேன். போட்டியில் நான்தான் முன்னால் இருந்தேன்.

அப்போது காய்ச்சல் வந்தது. முதல் நாள் தலைவலி என்று நினைத்தேன். மறுநாள் கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. எலும்பெல்லாம் வலி. குடித்த தண்ணீர்கூட வெளியே வந்தது. பக்கத்துக் கிளினிக்கில் விரல் ரத்தம் எடுத்து, சின்னப் பட்டையில் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியே கோடு விழுந்தது. டிங்கி என்றார்கள். வாந்தி நிற்காததால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

அவசரப் பிரிவில் காத்திருந்த நேரத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். இரும்பு நாற்காலியில் நான் என் கணவரின் தோளில் சாய்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசனையே அவருக்கு ஆகாது. அவருடைய அப்பா நெஞ்சு பிசைகிறது என்று ஒரு காலைப்பொழுதில் தன் காலாலேயே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அதிலிருந்து இவருக்கு ஒரு சித்தாந்தம். டாக்டரிடம் போகாதவரைக்கும் எந்த நோயும் இல்லை, போனால்தான் நோய்க்குப் பெயர் வைத்து விடுவார்கள். எனக்காக மட்டும் அந்தச் சித்தாந்தத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருந்தார்.

வார்டில் கட்டில் கிடைத்ததும் தாதி வந்து டிரிப் ஏற்றினார். ரோஸ் மிசி என்று நாங்கள் கூப்பிட்ட மலாய்க்கார அம்மாள், கலகலப்பானவர். என் ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்று விளக்கினார். பிளேட்லெட் என்பது காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கிற துகள். அது குறைந்தால் சும்மா அழுத்தினாலே தோலுக்குக் கீழே ரத்தம் கட்டும். என் மணிக்கட்டில் கடிகாரப் பட்டை பதிந்த இடம் அப்படித்தான் கன்றியிருந்தது. வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்.

வளையலைக் கழற்றும்போது வராத அழுகை கடிகாரத்தைக் கழற்றும்போது வந்தது. இவ்வளவு நாள் காப்பாற்றிய சங்கிலி.

என் கணவர் கடிகாரத்தை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டார். “நான் நடந்தா என்ன, நீ நடந்தா என்ன. அர்த்தநாரி கணக்கு லா. வாசுகிக்குத் தெரியவா போகுது? நீ பேசாம படு.”

உழைக்காமல் சங்கிலியைக் காப்பாற்றுவது கள்ளக்கணக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் காய்ச்சல்காரிக்கு நியாயம் பேசத் தெம்பு ஏது. கைபேசி என்னிடம், கடிகாரம் அவரிடம்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கடிகாரம் தான் எண்ணியதைக் கைபேசிக்குக் கொடுக்க வேண்டுமானால் இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிறையிலிருந்து அது எதையும் அனுப்பாது. சாயங்காலம் அவர் என்னைப் பார்க்க வரும்போதுதான் அன்றைய பொழுது முழுவதும் மொத்தமாக வந்து இறங்கும். வார்டு வாசலில் அவர் தலை தெரிவதற்கு முன்பே தலையணைக்குப் பக்கத்தில் கைபேசி அதிரும். அது அதிர்ந்தால் நான் தலைமுடியைக் கோதிக்கொண்டு எழுந்து உட்காருவேன்.

டிங்கி வார்டில் வேலை என்று ஒன்றும் இல்லை. குடிக்க வேண்டும், எவ்வளவு குடித்தோம் என்று சொல்ல வேண்டும், சிறுநீரை அளந்து கொடுக்க வேண்டும், ரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் கையை நீட்ட வேண்டும். ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகும், அதுதான் ஆபத்து. மற்ற நேரமெல்லாம் கூரையைப் பார்க்க வேண்டியதுதான். எனக்குப் பக்கத்துக் கட்டில் சீன அம்மாளுக்கு மகள் நண்டு சூப் கொண்டு வருவாள். எனக்கு வாசுகி தாசேக் கெலுகோரிலிருந்து பப்பாளி இலைச் சாறு பிழிந்து போத்தலில் அனுப்பினாள். அந்தக் கசப்பை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். வேலை நாளில் அரை நாள் லீவு போட்டு, இலை பறித்து, பிழிந்து, பஸ் பிடித்து வந்து கொடுத்தாளே, அதையும் மறக்க மாட்டேன்.

அந்தப் பொழுதில்தான் நான் என் கணவரைப் படிக்க ஆரம்பித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

“பசியாறினீங்களா?” என்று கேட்பேன். “ஆச்சு, ஆச்சு,” என்பார். “ராத்திரி தூங்கினீங்களா?” “கட்டை மாதிரி தூங்கினேன்.” கடிகாரமோ அவர் தூங்கவே இல்லை என்று சொல்லும். விடியும்வரை வீட்டுக்குள்ளேயே நடந்திருப்பார். நான் கேட்கவில்லை. பொய் சொல்லட்டும், எனக்காகத்தானே சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது சாயங்காலமோ என்னவோ, கைபேசி ஒரு பாராட்டைக் கொண்டு வந்தது. இன்று நீங்கள் கடுமையான உடற்பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்றது. ஒரு தடவை இல்லை, பல தடவை. கலோரிச் செயலிக்கும் செய்தி போய், ஒரு வாய்க் கஞ்சி இறங்காமல் கிடந்த என்னை நன்றாகச் சாப்பிடச் சொல்லி அழைத்தது. குடும்பக் குழுவுக்கும் தானாகவே போய்விட்டது. வாசுகி குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

“அண்ணி, டிரிப் கம்பத்தத் தள்ளிக்கிட்டு ஜாகிங் போறீங்களா? எங்களுக்கும் கொஞ்சம் கத்துக் குடுங்க லா.”

குட்டு வெளிப்பட்டது. பக்கத்துக் கட்டில் அம்மாள் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு அவரைத் திட்டினேன். “போட்டிக்காக ஓடணும்னு யார் சொன்னா? சும்மா நடங்க போதும்.”

“நான் ஓடலையே,” என்றார்.

“அப்ப படி ஏறி வந்தீங்களா?”

“லிஃப்ட்லதான் வந்தேன். அது ஃபேக்டரி மெஷின் ஆட்டம். பக்கத்துல நின்னா பல்லே ஆடும், வாட்சு ஆடாதா?”

நான் ஏற்றுக்கொண்டேன். முன்பு இரட்டை எண்ணிக்கை எண்ணிய கடிகாரம்தானே, இதுவும் அதன் கோளாறு என்று நினைத்தேன். உண்மையில், உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய நாடி ஓடுகிறவனின் நாடியாக இருந்திருக்கிறது. செயலிக்கு நோய் தெரியாது, உடற்பயிற்சிதான் தெரியும். அதனால் அதைப் பயிற்சி என்று எழுதிப் பாராட்டியிருக்கிறது. கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிற நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல் விட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷப்பட்டேன். வார்டு மருத்துவர், சின்ன வயதுச் சீனப் பெண், கட்டில் ஓரத்தில் நின்று நிதானமாகச் சொன்னார். டிங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம், கசிவு அப்போதுதான் ஆரம்பிக்கும். என் பிளேட்லெட் அன்று மிகவும் இறங்கியிருந்தது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, விழுந்தால் உள்ளே ரத்தம் கசியும் என்றார்கள். பல் தேய்க்கவே பயமாக இருந்தது. செத்துப்போவேனோ என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன். நான் போனால் இந்த மனுஷனுக்கு ஒரு முட்டைகூடப் பொரிக்கத் தெரியாதே என்றுதான் கவலை வந்தது.

அன்று சாயங்காலம் ரோஸ் மிசி எனக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசி அதிர்ந்தது. வழக்கமான அதிர்வாக இல்லை, நீளமாக இருந்தது. திரையில் சிவப்பு எழுத்தில், உங்கள் இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள் என்று வந்தது. நான் படிப்பதற்குள் மிசி படித்துவிட்டார். ஓடிப்போய் மருத்துவரைக் கூட்டி வந்தார்.

டிங்கி சில பேருக்கு இதயத்தையும் தொடுமாம். கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். நெஞ்சிலும் கை காலிலும் பட்டைகள் ஒட்டி, இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரைகிற இசிஜி எடுத்தார்கள். திரைக்கு வெளியே என் கணவரின் குரல் கேட்டது. “என்ன ஆச்சு? மிசி, என் சம்சாரத்துக்கு என்ன ஆச்சு?” அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மருத்துவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு ஒழுங்காக இருந்தது. மறுபடியும் எடுத்தார். அதுவும் ஒழுங்கு. பிறகு என் இரண்டு கைகளையும் பார்த்தார். “உங்கள் கடிகாரம் எங்கே?” என்று மலாயில் கேட்டார்.

மிசி திரையை விலக்கியதும் அங்கே நின்றுகொண்டிருந்த என் கணவர், எல்லோரும் தன் கையைப் பார்ப்பதைக் கண்டு, மெல்ல அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. அந்தக் கையை முன்னால் இழுத்து நாடி பிடித்தார். வெகு நேரம் பிடித்தார். பிறகு கீழே அவசரப் பிரிவுக்கு இப்போதே போகச் சொன்னார். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்குகிற ஒரு கோளாறு உண்டு, அது மாதிரி இருக்கிறது என்றார். நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த துண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். எனக்கு ரத்தம் உறையாமல் போய்விடுமோ என்ற பயம், அவருக்கு உறைந்துவிடுமோ என்ற பயம். பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் எங்களுக்குக் கல்யாணம் செய்தார்கள், இதை யாரும் பார்க்கவில்லை.

“முதல்ல இவ வீட்டுக்கு வரட்டும். அப்புறம் நான் பாத்துக்குறேன்,” என்றார் அவர்.

“இப்ப போங்க.”

“சும்மா படபடப்பு லா. ஒன்னும் இல்ல.”

“உங்கப்பாவும் ஒன்னும் இல்லன்னுதான் ரொம்ப நாள் சொன்னாரு,” என்றேன். இருபது வருஷமாக அந்த வீட்டில் யாரும் பேசாத பேச்சு அது. “ஆஸ்பத்திரிக்குப் போனதால போகல அவரு. லேட்டாப் போனதால போயிட்டாரு. நீங்க இப்ப இறங்கலைன்னா நான் இதப் புடுங்கிப் போட்டுட்டு உங்களோட நடந்து வருவேன்.” டிரிப் குழாயைப் பிடித்துக் காட்டினேன். செய்திருப்பேன்.

அவர் வார்டை விட்டு இறங்கிப் போனார். கீழே போகிறாரா, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாரா என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் அவரோடு போய்விட்டது. கைபேசியைத் திறந்தால், அருகில் சாதனம் இல்லை என்றது. திறந்து திறந்து பார்த்தேன். அழைத்தால் எடுக்கவில்லை. அவர் எழுந்தது, நடந்தது, தூங்காதது என்று எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அந்தத் திரைக்கு, அவர் இருக்கிறாரா என்பதுகூட அப்போது தெரியவில்லை. முருகா, எனக்குப் பிளேட்லெட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அந்த மனுஷன் வலது பக்கம் திரும்பியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவசரப் பிரிவு வலது பக்கம், மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் இடது பக்கம்.

அவர் இடது பக்கம்தான் திரும்பினாராம். பிறகு அவரே சொன்னார். சாவியைக் கையில் எடுத்து, வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். அப்புறம் திரும்பி வந்து அவசரப் பிரிவு முகப்பில் நின்றிருக்கிறார். யார் நோயாளி என்று கேட்டதற்கு, என் சம்சாரம் மேலே வார்டில் இருக்கிறாள் என்றாராம். பார்வையாளர்கள் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று கை காட்டியிருக்கிறார்கள். வரிசையை விட்டு விலகி, மறுபடியும் கடைசியில் போய் நின்று, மறுபடியும் முகப்புக்கு வந்து, ‘சாயா’ என்று சொல்லியிருக்கிறார். மலாயில் ‘நான்’. தன்னை நோயாளி என்று என் கணவர் வாழ்நாளில் சொன்ன முதல் சொல்.

இதெல்லாம் தெரியாமல் மேலே நான் பிணம் மாதிரி கிடந்தேன். ரோஸ் மிசிதான் தன் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கீழே தொலைபேசியில் கேட்டுச் சொன்னார். “இருக்கிறார், உள்ளே சேர்த்துவிட்டார்கள். நாசிப் பாயிக்,” என்றார். நல்ல காலம் என்று அர்த்தம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் யார், நான் யார். வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆனாலும் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே இருந்தார்.

மேலறை நடுக்கம்தான் என்று உறுதியானது. அது எப்போது தொடங்கியது என்று தெரியாததால், உடனே அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யும் வைத்தியம் கூடாது, உள்ளே உறைந்த துண்டு இருந்தால் கிளம்பிவிடும் என்று விளக்கினார்கள். ரத்தத்தை இளக்குகிற மாத்திரையும் வேகத்தைக் குறைக்கிற மாத்திரையும் கொடுத்தார்கள். வாசுகி காலையில் ஓடி வந்து, அண்ணனுக்கு ஒரு மாடி, அண்ணிக்கு ஒரு மாடி என்று கஞ்சிப் பாத்திரத்தோடு ஏறி இறங்கினாள். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரம் உண்மையில் நடந்தவள் அவள்தான்.

என் பிளேட்லெட் ஏறியது. முதலில் கொஞ்சம், பிறகு நன்றாக. பில் பெரிதாக இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரியின் புண்ணியம். இருவரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தோம். ஒரு மாதம் நான் சோர்ந்துதான் கிடந்தேன், டிங்கி போனாலும் அதன் அசதி போக நாளாகும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டு இப்போது மறுபடி முளைக்கிறது.

போன வாரம் இதய மருத்துவப் பிரிவில் அவரைப் பார்த்தார்கள். மாத்திரையிலேயே துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது, இப்போதைக்கு வேறு வைத்தியம் தேவையில்லை, மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் நேராக வாசுகி வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பினோம். காரை, எங்கள் பேச்சில் காடியை, நான்தான் ஓட்டினேன். பாலத்தின் நடுவில் போகும்போது அவர் கேட்டார்.

“ஒன்னு சொன்னா திட்டுவியா?”

“திட்டுற மாதிரி இருந்தா திட்டுவேன்.”

“நீ படுத்திருந்தப்ப நெஞ்சு அப்படி அடிச்சிச்சே, அது மெஷின் ஆட்டம் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா நோவுன்னு தோணல. நீ இல்லாம போயிடுவியோன்னு பயந்துதான் அடிக்குதுன்னு நெனச்சேன். அதப் போய் டாக்டருக்கிட்ட என்னான்னு சொல்றது?”

பாலத்தில் வண்டியை நிறுத்த முடியாது. கண்ணீர் மறைத்தது. ஒரு கையால் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். இந்த மனுஷன் என்னிடம் ஆசையாகப் பேசிய பேச்சுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நோயை என் மேல் உள்ள ஆசை என்று தவறாக நினைத்துக்கொண்டு, உயிரையே விடப் பார்த்திருக்கிறார்.

“இனிமே நெஞ்சு அடிச்சா எங்கிட்ட சொல்லுங்க,” என்றேன். “நோவா, பயமா, எதுன்னு நான் பாத்துச் சொல்றேன்.”

“சரி லா,” என்றார். மறுபேச்சு இல்லாமல் அவர் எனக்குச் சொன்ன முதல் சரி அது.